காப்புக் கட்டிய கை

அந்தப் படத்தில் அத்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் பர்மாவின் ஷான் மலைச் சரிவில் திராட்சைக் கொடிகள், சுற்றிலும் நாலைந்து இத்தாலியர்கள், உயர்த்திய வலது கையில் சிவப்பு ஒயின் நிறைந்த கண்ணாடிக் கிண்ணம். அதே மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு. அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். பல வருடம் கப்பலில் சமையல்காரராக இத்தாலியர்களோடு கிடந்ததில் அவர்கள் பேச்சு அவருக்குப் படிந்துவிட்டது. அதை வைத்துத்தான் ரங்கூனில், பபேடான் பகுதித் தெரு ஒன்றில் இருந்த சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டி வேலை கிடைத்தது. அங்கேயே நான் விமான டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி தமிழர்தான். ஆனாலும் ஐயா என்பதற்குப் பதிலாகப் பர்மிய வழக்கப்படி சயா என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் அம்மன் கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர்.

அக்காவுக்குப் பிரசவம் சிக்கலாகி டாக்டரே கையை விரித்த நேரத்தில், அத்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த வருடத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர்களுக்கு எங்களிடம் கறாரான கட்டு உண்டு. கவிச்சி கூடாது, குடி கூடாது, தீ மிதித்துக் கயிற்றை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலியக் கூட்டம் வந்து இறங்கியது. தங்கள் நாட்டு மலையூர்களில் செய்வதுபோல இங்கேயும் தோட்டத்துக்கே போய் ஒயினைச் சுவைத்துப் பார்க்க வேண்டுமாம். காலை விமானத்தில் ஷான் மலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. அத்தான் சயாவிடம் கையைக் காட்டினார்.

"காப்பு கட்டிருக்கேன் சயா. வேற ஆள அனுப்புங்க."

"யாபாதே, போயிட்டு வாப்பா," என்றார் அவர். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் வரும் பர்மியச் சொல். "ராத்தங்குனாத்தான் தப்பு. நீதான் பொழுது சாய வந்துருவியே. கமிட்டித் தலைவர் நானே சொல்றேன், அப்புறம் என்ன?"

அத்தான் செய்த தப்பு இது ஒன்றுதான். அந்த ஆள் வாயில் வந்ததைக் கோயிலே சொன்னதாக எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் வளர்ந்தோம்.

தோட்டத்தில் அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டக்காரர் பர்மியத்தில் சொன்னதை விருந்தாளிகளுக்கும், அவர்கள் சொன்னதைத் தோட்டக்காரருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். வந்தவர்களில் ஒருவர் எடுத்த படத்தைச் சயா பெரிதாக்கி ஆபீஸ் கண்ணாடியில் ஒட்டினார். அவருக்கு வியாபாரம்!

தெருவில் போன கமிட்டிக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். காப்புக் கையில் ஒயின் கிண்ணம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தீ மிதிக்கிற அன்று, ஈர வேட்டியோடு வரிசையில் நின்றவரை வெளியே இழுத்தார்கள்.

"சாராயத்தோட நின்னவன் குழியில எறங்குனா ஊருக்கு ஆவாது."

அக்கா இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அத்தான் சயாவைப் பார்த்தார். நான்தான் அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மகானுபாவர் தோளில் கிடந்த பட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"பொது விசயம். நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

"நீங்கதானே சயா அனுப்புனீங்க!" என்று கத்தினேன். பொம்பளைக்கு இங்கே என்ன பேச்சு என்று யாரோ அதட்டினார்கள். பூசாரி கயிற்றை அறுத்தார்.

மறுநாளே நான் வேலையை விட்டேன். அத்தான் விடவில்லை, குடும்பம் இருந்தது. அவருக்கு வந்திருக்க வேண்டிய கோபமெல்லாம் எனக்குத்தான் வந்தது. அவரோ பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட, "அம்மாளுக்குச் சொன்னத நான் செய்யல, அதான்," என்பார். அந்தக் கோயில் படியை அப்புறம் அவர் மிதிக்கவில்லை. திருவிழா நாட்களில் ரங்கூனுக்கு வெளியே இன்சீனில் இருந்த வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாகிறவரைக்கும் மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துகொண்டே இருந்தார். நல்ல மனிதரை இப்படியா வதைப்பது? சயா இன்னும் தலைவராகத்தான் இருக்கிறார்.

போன மாதம் அக்கா மகளோடு பபேடான் வழியாகப் போனேன். கம்பெனிக்குப் புதுப் பலகை, புதுக் கண்ணாடி, அதில் ஆள் உயரத்துக்கு அதே படம். அத்தானின் சிரிப்பு இருந்தது, கிண்ணம் இருந்தது. மணிக்கட்டில் கயிற்றை மட்டும் கம்ப்யூட்டரில் துடைத்திருந்தார்கள்.

"அப்பா கைல காப்பு இருந்துச்சுன்னு சொன்னீங்களே சித்தி?"

உள்ளே மேசைக்குப் பின்னாலிருந்து சயா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. நான் கண்ணாடியில் அந்த மணிக்கட்டின்மேல் விரலை வைத்து, அவர் காதில் விழும்படி சொன்னேன்.

"இந்த எடத்துலதாம்மா இருந்துச்சு. போன்னு இவரு சொன்னப்பவும் இருந்துச்சு."