தள்ளுபடிக்குக் கொடுத்த நம்பர்

அண்ணன் என்னை அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சின்ன வயதில்கூட அவன் என்மேல் கை வைத்ததில்லை. காரணம், மும்பை செம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும்போது நான் வாங்கிக்கொண்ட கார்டு.

மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குத் துணி எடுக்கப் போயிருந்தோம். கவுண்டரில் நீள வரிசை. என் முறை வந்ததும், டேப்லட்டோடு நின்ற பெண் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"அக்கா, நம்ம கடை கார்டு எடுத்துக்கோங்க. இப்பவே எண்ணூறு ரூபா குறையும்."

"கிரெடிட் கார்டா? வேண்டாம்மா."

"ஃப்ரீதான்க்கா. பிடிக்கலைன்னா கேன்சல் பண்ணிக்கலாம். அஞ்சே நிமிஷம்."

பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் நகரச் சொல்லி "சலோ, சலோ" என்று முனகினார்கள். அந்தக் காசில் ஷூ வாங்கலாம் என்று மகள் என் கையைக் கிள்ளினாள். நான் மாட்டுங்காவில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வருகிறவர்களிடம் தாளை நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள். அன்று திரையில் வந்த ஒரு வரியையும் நான் படிக்கவில்லை. ஆதார், பான், சம்பளம் எல்லாம் சொன்னேன். ரெஃபரன்ஸுக்கு இன்னொருவர் நம்பர் கேட்டாள். மனப்பாடமாக இருந்தது அண்ணனுடையதுதான். அதையும் சொன்னேன்.

அடுத்த மாதமே அதே கடைக்குப் போய்த் துணிக்கான பணம் முழுவதையும் கட்டினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வருடக் கட்டணமும், நான் கேட்காத ஒரு காப்பீடும் கார்டில் ஏறியிருந்தது தெரியாது. அதைக் கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. பில்கள் நான் திறந்தே பார்க்காத ஈமெயிலுக்குப் போயின. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் விளம்பரம் என்று வெட்டிவிடுவேன். என் வீட்டு விலாசத்தை அந்தப் பெண் தப்பாகத் தட்டியிருந்ததால் வசூல்காரர்களுக்கு வீடும் கிடைக்கவில்லை. நான் கொடுத்த நம்பரை வைத்து அண்ணனைப் பிடித்தார்கள்.

அவனுக்குத் தாராவியில் மளிகைக் கடை. அந்த ஞாயிறு காலை இரண்டு பேர் கடைக்குள் நுழைந்து, வாடிக்கையாளர்கள் முன்னால், உன் தங்கை திருடி என்று இந்தியில் கத்தியிருக்கிறார்கள். சட்டையைப் பிடித்து இழுத்ததில் எண்ணெய் டின் சரிந்து, அவன் அதில் வழுக்கி விழுந்து, முழங்கை கிழிந்தது.

அந்த ரத்தத்தோடுதான் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏட்டி, எவன்கிட்டட்டி என் நம்பரக் கொடுத்த?"

"என்ன நம்பர்ணே? கையில என்ன ரத்தம்?"

அறை இடது காதில் விழுந்தது. காதுக்குள் விசில் அடித்தது மாதிரி ஒரு சத்தம், பிறகு அந்தக் காதில் எதுவுமே கேட்கவில்லை. பிடிக்க வந்த என் கணவரை அவன் தள்ளியதில் அலமாரிக் கண்ணாடி உடைந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குக்கர் மூடியை எடுத்து அவன் தோளில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். மகள் அலறியபோதுதான் நிறுத்தினேன். அண்ணன் மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னான்.

சொல்லி முடிப்பதற்குள் அந்த இரண்டு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பைக்கில் அவன் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். ஒருவன் கதவிடுக்கில் காலை வைத்து, "பைசா நிகால்", காசை எடு, என்றான். என் மகளைப் பார்த்து ஓர் அசிங்கமான வார்த்தையும் சொன்னான்.

அண்ணன் எழுந்தான். அப்படிச் சொன்னவனின் சட்டையைப் பிடித்து, முகத்தைச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்தது. இன்னொருவனை என் கணவர் படிக்கட்டில் தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து பிரிக்கும்வரை அண்ணனின் கை நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்தச் சொல்லவும் தோன்றவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில், புகார் எழுதினால் இரண்டு பக்கமும் உள்ளே போக வேண்டும் என்றார் அதிகாரி. சமாதானம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் அந்தக் கார்டைக் கொடுத்த வங்கிக்குப் போனேன். கேட்காத காப்பீட்டை நீக்க வைக்க நான்கு முறை அலைந்தேன். மீதியைக் கட்டி, கார்டு மூடப்பட்டது என்று கடிதம் வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன்.

காது மட்டும் சரியாகவில்லை. ஒரு வாரம் கழித்து அண்ணனே வந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது, எப்படி ஆனது என்று கேட்டார்.

"கீழே விழுந்துட்டேன்" என்றேன்.

"இல்ல டாக்டர்," என்றான் அண்ணன். "நான்தான் அடிச்சேன்."