இரண்டாம் தடவை கேட்காத ஊர்

திருப்பூரை ஒட்டின நெருப்பெரிச்சலில் மருதாள் வீட்டுக்கு முதல் தடவையாகப் போகிறவர்கள் பசியோடு போகக் கூடாது. போனதும் வாய் நிறைய "வாங்க, வாங்க" என்பாள். ஒரு தட்டில் முறுக்கும் டம்ளரில் காபியும் கொண்டுவந்து நீட்டுவாள். வந்தவள் நம் பக்கத்துப் பெண்ணாக இருந்தால் "இருக்கட்டுங்க்கா" என்பாள். அவ்வளவுதான். தட்டு வந்த வழியே சமையலறைக்குத் திரும்பிவிடும். வந்தவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

கொங்கு நாட்டில் "இருக்கட்டுங்க" என்றால் வேண்டாம் என்று அர்த்தமா என்ன? எனக்கும் ஆசைதான், இன்னொரு தடவை கேளுங்கள் என்று அர்த்தம். முதல் தடவையே கையை நீட்டினால் காணாததைக் கண்டவள் என்று பேராகிவிடும். இன்னொரு தடவை கேட்காமல் விட்டால் வீட்டுக்காரிக்குக் கருமி என்று பேராகிவிடும். இரண்டு பேர் மானமும் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. இதெல்லாம் தெரியாதவளா மருதாள்? தெரிந்தேதான் செய்கிறாள்.

அவளைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் புருஷன் வேலைக்காக வெளிநாடு கிளம்பப்போகிற பெண்கள். தொண்ணூறுகளில் திருப்பூர்க்காரர்களுக்கு உலகமே பக்கத்துத் தெரு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி வீட்டுக்காரர் துபாயில் ஆர்டர் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், இன்னொருத்தி வீட்டுக்காரர் டாக்காவில் கட்டிங் மாஸ்டர். போகிற இடத்தில் தனக்கு என்ன வேலை கிடைக்கும், யாரைப் பிடிப்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கத்தான் மருதாளிடம் வருவார்கள். வந்த இடத்தில் காபி போய்விட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ஏனுங்க்கா, கொண்டாந்ததத் திருப்பிக் கொண்டுபோயிட்டீங்க?"

"நீதான கண்ணு வேண்டாம்னே."

"நாஞ் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னனுங்க."

"நானும் அப்படி ஒரு பேச்சுக்குச் சொல்லித்தான் கெட்டேன். உக்காரு, சொல்றேன். காபி எங்கயும் ஓடிராது."

அவள் சொல்கிற கதை எண்பத்தாறில் நடந்தது. அதற்கு முன்னால் மருதாள் யார் என்று தெரிந்தால்தான் அவள் எதை இழந்தாள் என்பது விளங்கும். பாவாடை கட்டிய வயதிலேயே பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போனவள். தைக்கிற ஆள் தைத்துத் தள்ளுவதை மடித்து அடுக்குவதும் நூல் வெட்டுவதும்தான் கைமடி வேலை. அங்கிருந்து, தைத்து வந்ததில் குறை பார்த்துக் கழிக்கிற செக்கிங் மேஜைக்கு வந்து, பொங்கியண்ணன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கே பொறுப்பாளி ஆனாள். பேர் கேட்டால் ஊரில் யாரும் வெறும் மருதாள் என்று சொல்லமாட்டார்கள், "செக்கிங் மருதா" என்பார்கள். அவள் புருஷன் ரத்தினசாமி நிட்டிங் மெஷின் ஃபிட்டர், கெட்டிக்காரர். அவரையே "செக்கிங் மருதா ஊட்டுக்காரர்" என்று சொன்னால்தான் பாதிப்பேருக்குத் தெரியும். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான்.

அந்த ரத்தினசாமிக்கு மொரீஷியஸ் தீவில் ஒரு பின்னலாடை ஆலையில் வேலை வந்தது. நல்ல சம்பளம், வீடும் கொடுக்கிறார்கள், குடும்பத்தோடு வரலாம். மருதாள் யோசிக்கவே இல்லை. சொல்லிக்கொள்ளப் போனபோது முதலாளி பொங்கியண்ணன்தான் யோசித்தார்.

"ஏம்மிணி, அவனுக்கு வேலை இருக்குது, சேரி. அங்க போயி நீ என்ன பண்ணுவே?"

"அங்கயும் கம்பெனிதானுங்க மொதலாளி. செக்கிங் இல்லாத கம்பெனி ஒலகத்துல எங்க இருக்குதுங்க?"

தைரியமாகச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். இறங்கின பிறகுதான் தெரிந்தது, கூட வந்த மனைவி என்று முத்திரை குத்தின தாளை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்க முடியாது என்று. யாராவது ஒரு முதலாளி, இவள் எங்களுக்கு வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதிப் பர்மிட் வாங்க வேண்டும். இதைத் திருப்பூரிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் இருந்த க்யூர்பீப் ஊரில் மழை விடவே விடாது. ரத்தினசாமி விடிந்ததும் ஆலைக்குப் போய்விடுவார். மருதாள் துவைத்த துணியையே துவைத்துக்கொண்டு, காயாத துணிக்குக் காவல் இருந்தாள். கடைக்குப் போனால் அவள் "மிஸ்டர் ரத்தினசாமியின் மனைவி". செக்கிங் மருதா என்று கூப்பிட அந்தத் தீவில் ஓர் ஈ காக்கை இல்லை. புருஷன் சட்டையைத் திருப்பிப் போட்டு, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தேடுவாளாம். விட்ட தையல் கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் அழுகை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலையின் உற்பத்தி மேலாளர் மதாம் ஆர்மூகம் விருந்துக்கு வந்தார். மதாம் என்றால் அந்த ஊர் பாஷையில் அம்மா. ஆர்மூகம் என்பது வேறொன்றும் இல்லை, நம் ஆறுமுகம்தான். எந்தக் காலத்திலோ கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் வம்சம். வீட்டில் முருகன் படம் இருக்கும், வாயில் ஒரு தமிழ்ச்சொல் இருக்காது. ரத்தினசாமி ஆலையில் தன் மனைவியின் பெருமையை அளந்துவிட்டிருந்ததில், அந்த அம்மாள் வடையைக் கடித்துக்கொண்டே நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"செக்கிங்கில் ஓர் இடம் இருக்கிறது. பர்மிட்டுக்கு நானே எழுதுகிறேன். வேலைக்கு வருகிறாயா?"

ரத்தினசாமி இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னார். மருதாளுக்கு நெஞ்சு துள்ளியது. இதற்குத்தானே தவம் கிடந்தாள்! ஆனால் வாய் இருக்கிறதே, அது நெருப்பெரிச்சலில் வளர்ந்த வாய். தலையைக் குனிந்து, சிரித்து, "இருக்கட்டுங்க" என்றது. ரத்தினசாமியும் அதே மண்தானே. "நோ நீட், மேடம்" என்று அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.

மதாம் ஆர்மூகம் "சரி" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

"வெசனப்படாத மருதா. அடுத்த ஞாயித்துக்கெழம மறுக்காக் கேப்பாங்க பாரு" என்றார் ரத்தினசாமி, கார் போன பிறகு. அடுத்த ஞாயிறும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, கேள்வி மட்டும் வரவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஒருத்தியைப் போட்டுவிட்டார்கள். மருதாளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"பேரு மட்டும் ஆறுமுகம்! ஒரு பேச்சுக்காச்சும் இன்னொருக்காக் கேட்டாங்களா? வந்தமா, தின்னமான்னு போயிட்டாங்க!"

மாதங்கள் போயின. கோபம் ஆறி வருத்தமாகி, வருத்தம் உடம்பில் இறங்கி, மருதாள் சரியாகச் சாப்பிடுவதையும் விட்டாள். ஊருக்கே போய்விடலாமா என்று ரத்தினசாமி கேட்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் மரீ என்று ஒரு தையல்காரி, அதே ஆலையில் வேலை பார்ப்பவள், வேலியோரம் நின்று சிரிப்பாள். ஒருநாள் அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மருதாளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தேங்காய் கேக் ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். மருதாள் வழக்கம்போலத் தலையை ஆட்டிச் சிரித்தாள். மரீ தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மருதாள் தட்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரீ கருமி அல்ல. முகத்தில் கள்ளம் இல்லை. திரும்பி வந்து அவள் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் மருதாளுக்குப் பொட்டில் அறைந்தாற்போல் புரிந்தது. அன்று சாயங்காலம் புருஷன் செருப்பைக் கழற்றும் முன்னே வாசலில் நின்று சொன்னாள்:

"ஏனுங்க, அந்தம்மா கேக்காம உடலீங்க. கேட்டாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

ரத்தினசாமி செருப்போடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "அடக் கெரகமே" என்றார்.

இங்கேதான் மருதாளை மெச்ச வேண்டும். புரிவது வேறு, புரிந்ததைச் செய்வது வேறு. ஒருவரிடம் போய் வாய்விட்டு எனக்கு வேலை கொடு என்று கேட்பது அவள் வளர்ந்த வளர்ப்பில் பெரிய வெட்கக்கேடு. திருப்பூரில்கூட அவள் வேலை கேட்டுப் போனதில்லை, யாரோ கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார்கள். மரீயிடம் அந்த ஊர் பாஷையில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டாள். "மோ லே த்ராவாய்." நான் வேலை பார்க்க விரும்புகிறேன். அடுப்படியில் சொல்லிப் பார்த்தாள், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள். பிறகு மரீயோடு ஆலை பஸ்ஸில் ஏறிப் போய் மதாம் ஆர்மூகத்தின் முன்னால் நின்று, அதைச் சொல்லியும்விட்டாள்.

"அன்றைக்கு வேண்டாம் என்றாயே?" என்றார் அவர்.

இத்தனை மாதத்தில் காதில் விழுந்தது ஒருமாதிரி புரிந்தது, பதில் விளக்கத்தான் அவளிடம் பாஷை இல்லை. அதே வாக்கியத்தை மறுபடி சொன்னாள்.

"செக்கிங்கில் இப்போது இடமில்லை. நூல் வெட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. பர்மிட் வரவும் நாளாகும். அதற்குச் சம்மதம் என்றால்..."

"வீ!" என்றாள் மருதாள், கேள்வி முடிவதற்குள். வீ என்றால் ஆமாம்.

செக்கிங் பகுதியையே ஆண்டவள், சின்னப்பிள்ளையாக இருந்தபோது விட்ட கைமடி வேலைக்குத் திரும்பப் போனாள். முகம் சுளித்தாளா? கிடையாது. கத்தரியைக் கையில் வாங்கினபோது கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். இரண்டு வருஷத்தில் செக்கிங் மேஜை அவள் கைக்கு வந்துவிட்டது. அதற்குள் அந்த ஊர் பாஷையும் நாக்கில் ஏறிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மதாம் ஆர்மூகத்திடம் "இருக்கட்டுங்க" கதையை முழுசாகச் சொன்னாள். எங்கள் ஊரில் "இன்னொருக்கா" என்று கேட்டால்தான் அது கேள்வி என்றாள். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"என் மாமியாரும் எதைக் கொடுத்தாலும் முதலில் தலையை ஆட்டுவார். பசியில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவேன்" என்றார்.

அதன் பிறகு அந்தத் தீவுக்கு நம் பக்கத்துப் பெண் யார் வந்து இறங்கினாலும், மருதாளும் மரீயும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார்கள். உனக்கு என்ன தெரியும், எதில் கை பழகியிருக்கிறாய் என்று தோண்டித் துருவிக் கேட்பார்கள். வெள்ளகோவிலிலிருந்து வந்த ஒருத்தி "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றே சாதித்தாள். கடைசியில் பார்த்தால் அவள் பால்வாடி நடத்தினவள். ஆலையில் வேலை பார்க்கிற தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீவிலும் நடக்கிற காவடித் திருவிழாக் கூட்டத்திலேயே வைத்து இரண்டு தரப்பையும் சேர்த்துவிட்டாள் மருதாள்.

தொண்ணூற்று மூன்றில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார்கள். பொங்கியண்ணன் கம்பெனியிலேயே பழைய வேலை கிடைத்தது. அப்போதிலிருந்துதான் இந்தக் காபித் தட்டு விளையாட்டு. கதையைச் சொல்லி முடித்து, ஆறின காபியைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு மருதாள் சொல்வாள்:

"போறதுக்கு முந்தியே உன்ற தாளுல வேலை பாக்க உடுவாங்களான்னு கேட்டுக்க. சும்மாத்தான் ஊட்டுல இருக்கறேன்னு யாருகிட்டயுஞ் சொல்லாத, என்ன வேலை தெரியும்னு சொல்லு. ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சவங்களே போதும்னு இருந்துராத. பக்கத்து ஊட்டுக்காரியத் தேடி நீயே போ. அப்பறம் யாராச்சும் வேலைக்கு வர்றியான்னு கேட்டா, உன்ற கொங்கு வாயக் கட்டி வெச்சுட்டு ஆமான்னு சொல்லு."

தொண்ணூற்றேழில் மதாம் ஆர்மூகம் துணி வாங்கத் திருப்பூருக்கு வந்தார். பொங்கியண்ணனே தன் காரில் அவரை நெருப்பெரிச்சலுக்குக் கூட்டிவந்தார். பாவம், எதற்கு வருகிறார் என்று தெரியாமல்தான் கூட்டிவந்தார். மதாமின் கம்பெனி மடகாஸ்கரில் புதிதாக ஆலை திறக்கிறது. செக்கிங் முழுவதையும் மருதாள் வந்து நடத்த வேண்டும், பர்மிட் அவள் பேரிலேயே எடுக்கிறோம் என்றார்.

"வீ" என்றாள் மருதாள்.

"ஏம்மிணி, ஒரு வார்த்தை ரோசன பண்ணக் கூடாதா? நானே கூட்டியாந்து குடுத்த மாதிரி ஆயிப்போச்சே!" என்று பொங்கியண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ரத்தினசாமி சிரிக்கவில்லை. இந்தத் தடவை கூடப் போகிற ஆள் அவர். கூடப் போகிறவர் என்று முத்திரை குத்தின தாள் அவர் கைக்கு வரப்போகிறது. காயாத துணிக்குக் காவல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

மதாம் அவர் பக்கம் திரும்பினார். "மெஷின் பார்க்கவும் ஆள் வேண்டும். நீங்கள் வருகிறீர்களா, ரத்தினசாமி?"

"இருக்கட்டுங்க மேடம்" என்றார் ரத்தினசாமி.

மருதாளுக்கு உயிரே போய்விட்டது. இத்தனை வருஷம் இவள் ஊருக்கெல்லாம் சொன்ன கதை, வீட்டுக்குள் ஒருத்தர் காதில் ஏறவில்லையே! அதற்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை என்று எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மதாம் ஆர்மூகம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். மருதாளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு ரத்தினசாமியைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல்லைத் தடுமாறிச் சொன்னார்.

"இன்னொருக்கா?"

"வர்றனுங்க மேடம், கண்டிசனா வர்றனுங்க" என்றார் ரத்தினசாமி.

மருதாள் சமையலறைக்குப் போய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். க்யூர்பீப் மழையில் மாதக்கணக்காக அவள் காத்துக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அவளுக்கு அது வரவே இல்லை. பதினோரு வருஷம் கழித்து அவள் வீடு தேடி வந்து, அவள் புருஷனைக் கேட்டது.