பாடகி குடித்த தண்ணீர்

இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போடுமுன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கையில் தேய்த்ததும், அந்த வாசனை என்னைத் திருக்கழுக்குன்றத்தில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட ஜாபர் பாயின் கேசட் கடைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாட்டுப் பதிவதற்கு முன்னால் பாய் அதே மாதிரிப் பஞ்சால் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைப்பார். துடைக்கும்போதெல்லாம், சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் ஒரு பெரிய பாடகியின் கார் தன் கடை வாசலில் மக்கர் செய்து நின்ற கதையைச் சொல்வார், காரின் நிறம் மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும். அந்தப் பாடகி என்றால் உயிரை விடும் என் அம்மா, கூலி வேலை முடிந்த கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு வந்து, கேசட்டுகள் டக்கென்று நிற்கும் சத்தத்துக்கு நடுவே, அந்தக் கதையைப் புதுசாகக் கேட்பதுபோல் கேட்பாள்.

ஒருநாள் மீன்காரர் ஒருவர் சிரித்தார். "இன்னா பாய், போன வாரம் கறுப்பு காரு, இன்னிக்கு வெள்ள காரா? அவங்க வந்தத எவன் பாத்தான்?"

பாயின் கை பஞ்சோடு நின்றுவிட்டது. கடையிலிருந்த எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அண்ணா, நான் பாத்தேன்," என்றாள் அம்மா. "தண்ணி மொண்டு குட்த்ததே நான்தான்." பாடகியை அவள் கேசட் அட்டையில் மட்டுமே பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது பாய் வேறொருவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தத் தங்கச்சி குட்த்த தண்ணியக் குடிச்சிட்டு, இன்னா இவ்ளோ இனிப்பா இருக்குன்னு கேட்டாங்க."

அம்மா வெட்கத்தோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க தெரு தண்ணி எப்பவுமே அப்டித்தான்," என்றாள்.