டயர் வெடித்தால் பிரேக்கைத் தொடாதே

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது, அடுத்தவர் கையில் நம் உயிரைக் கொடுத்துவிட்டு அதற்குக் கட்டணமும் வாங்குகிற தொழில். மனைவிக்கோ மச்சானுக்கோ ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் அதை நான் தினமும் பட்டேன்.

காற்றை இறக்கியவர்

கனகசபை ஐயா ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர், என் பழைய மாணவர். வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து, தூரப் பயணத்துக்கு முன் நாலு சக்கரத்திலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார். காற்று குறைந்தால்தான் டயர் நெளிந்து சூடேறி வெடிக்கும், காலையில் டயர் ஆறியிருக்கும்போதே சரியாக அடித்துவிடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. காஜாங் தாண்டி ஒரு டயர் வெடித்தது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்க, கார் சுழன்று கால்வாயில் இறங்கியது. கையில் கட்டோடு வந்தவர், நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்: "தம்பி, காத்தைப் பற்றிச் சொன்னீர், சரி. வெடிச்சால் பிரேக்கைத் தொடவேண்டாம் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே."

காகிதப் பை

உண்மைதான். என் பாடத்தில் பாதி 'பிரேக், பிரேக்' என்ற கத்தல்தான். அன்றே பாடத்தை மாற்றினேன். அப்போது வந்து சேர்ந்தவர் செந்தூல் மல்லிகா அக்கா. கணவர் இறந்து மூன்று பிள்ளைகளோடு நின்றவர். லைசென்ஸ் எடுத்தால் பாலர் பள்ளி வேன் ஓட்டும் வேலை காத்திருந்தது. டெஸ்டிலோ ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார்.

காலித் திடலில் அவர் மெதுவாக ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து காகிதப் பையை ஊதி 'டமால்' என்று உடைப்பேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராகப் போக வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். வேகம் தானாகக் குறைந்த பிறகே ஓரம் கட்ட வேண்டும். அக்காவோ ஒவ்வொரு தடவையும் பிரேக்கை மிதித்து என் நெற்றியை டாஷ்போர்டில் இடிக்க வைத்தார். ஒன்பதாவது பையில்தான் கால் அடங்கியது. "பட்டாசு சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுற ஆளு லா நானு. என்னையே சும்மா உட்கார வச்சிட்டீங்களே, சார்."

நிஜமாகவே வெடித்தது

பழைய கிள்ளான் ரோடு, மத்தியான வெயில். இடது முன் டயர் வெடித்தது. கார் இடப்பக்கம் இழுத்தது. அக்கா பதறவில்லை, பதறியது நான்தான். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை என் கால் ஓங்கி மிதித்துவிட்டது. ஓரமாகப் போன மோட்டார்சைக்கிளை நோக்கிக் கார் திரும்பியது. காலை எடுங்க சார் என்று அக்கா அதட்டினார். எடுத்தேன். அவர் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்து, மோட்டார்சைக்கிளில் படாமல் காரை நேராக்கி, வேகம் குறைய விட்டு, ரோட்டோரப் புல்லில் அலுங்காமல் நிறுத்தினார்.

இறங்கிப் பார்த்தோம். புது ரப்பர் ஒட்டி ஓட்டிய பழைய 'செலுப்' டயர். பக்கமெல்லாம் கீறல் விட்டிருந்தது. ஊருக்கெல்லாம் டயரைப் பார் என்று சொன்ன நான் என் டயரைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இவர் கையில் எத்தனை பிள்ளைகளையும் நம்பிக் கொடுக்கலாம் என்று சந்தோஷமாக இருந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாலு டயரையும் மாத்திட்டுக் கூப்பிடுங்க சார், அப்புறம்தான் மிச்ச கிளாசுக்கு வரேன். எனக்கு வீட்டுல மூணு பிள்ளைங்க இருக்கு."

அடுத்த மாதம் அக்கா டெஸ்டில் பாஸானார். எனக்கு மட்டும் இத்தனை வருஷமாக யாரும் டெஸ்ட் வைக்காததுதான் என் பாக்கியம்.