நகராத மேகம்

ரேடார் திரையில் கல்வராயன் மலை இருக்க வேண்டிய இடத்தில் பாய் விரலை வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த இடம் வெறுமையாக இருந்தது. அப்படி வைத்திருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். சின்னசேலத்துக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் சில வருஷம் நடத்திய வானிலை நிலையம் அது. மழையைப் பார்க்க ஒரு ரேடார், உயரத்தில் காற்று எங்கே குலுங்குகிறது என்று பார்க்க ஒரு லேசர், இரண்டும் சொல்வது புரிந்ததுபோல் தலையாட்ட நான். ரேடார் அலை மேகத்தில் பட்டுத் திரும்புவதுபோலவே மலையில் பட்டும் திரும்பும். எனவே, நகராத எதுவும் மலைதான் என்று முடிவுகட்டி அதைத் திரையிலிருந்து அழிக்க ஒரு வடிகட்டி இருந்தது. மேகம் என்றால் நகர்ந்தே தீரும் என்பது எங்கள் படிப்பு.

பாய் என் மேலதிகாரி. கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடைக் குடும்பம். கடையை அண்ணன் பார்த்துக்கொண்டார். தம்பி மேகம் மேய்க்கிறான் என்று வாடிக்கையாளர்களிடம் கேலி பேசுவாரே தவிர, தம்பியைக் கேட்காமல் வெளியூர் கிளம்பமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

“இன்னாடா, மேகம் மேய்க்கிறவனே. சிநேகிதங்களோட கல்வராயன்ல வெள்ளிமலைப் பக்கம் அருவிக்குப் போய்க்கினு இருக்கேன். மழை கிழை உண்டா?”

பாய் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

“ஒண்ணும் இல்லண்ணே. தைரியமா போ. அங்க பிரியாணி மட்டும் ஜாஸ்தி துன்னாத.”

அன்று ஒரு மேகம் மலைமேல் வந்து, நின்ற இடத்திலேயே நின்று பெய்தது. வடிகட்டி அதையும் மலையோடு சேர்த்து அழித்துவிட்டது. மேலே பெய்தது கீழே குளித்தவர்களுக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் கரையேறினார்கள், அண்ணனை வெள்ளம் கொண்டுபோனது. செய்தி வந்த பிறகு பாய் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தபடியே மற்றொரு கையால் வடிகட்டியை நீக்கினார். விரலுக்கடியில் பெருமழையின் சிவப்பு படர்ந்தது.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி போன் செய்வார். “இன்னிக்கு மழை வருமா தம்பி?” சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் பாயின் பதில் ஒன்றுதான்: “வரும் அண்ணி. எங்கயும் போவாதீங்க.” நாலு புத்தகம் படித்த திமிரில் நான் இதை அண்ணி கொடுக்கும் தவணைமுறைத் தண்டனை என்று கணித்தேன். போனை எடுக்காதீர்கள் என்று யோசனை வேறு சொன்னேன். “கேக்குறாங்க இல்ல. சொல்லணும்ல,” என்றார் பாய்.

நிலையத்தை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது மழை வருமா என்று கைபேசியே சொல்கிறது. என்னை யாரும் கேட்பதில்லை, நாட்டுக்கு நல்லது. பாய் இறந்த சேதி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அவர்கள் கூட்டுக்குடும்பமாக இருந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது அண்ணி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: அவர் சொன்னதை நம்பி அத்தனை வெள்ளிக்கிழமையும் வீட்டிலேயா இருந்தீர்கள்?

“எங்க சார்? இதே மாதிரி துணியெல்லாம் காயப் போட்டுட்டுத்தான் போன் பண்ணுவேன்.” ஒரு சட்டையை உதறினார். “போவாதன்னு அன்னிக்கு அவங்க அண்ணன்கிட்ட தம்பியால சொல்ல முடியாமப் போச்சே. என்கிட்டயாவது சொல்லிக்கினு இருந்தாத்தான அவருக்குத் தூக்கம் வரும்.”

சட்டையைக் கொடியில் போட்டார்.

“போன வெள்ளிகூட ஞாபகம் இல்லாம நம்பரைப் போட்டுட்டேன். கீழ, அவரு ரூம்ல போன் அடிச்சிக்கினே இருந்துச்சு.”