அவசரத்தாரின் கால்வாகு

கியர் பெட்டி பழுதான வண்டியின் ஸ்டியரிங்கில் வாயை வைத்து அந்த மெக்கானிக் ஏதோ மந்திரம் முணுமுணுப்பாராம். அதற்குப் பிறகு வண்டி வழுக்கிக்கொண்டு போகுமாம். எனக்குச் சொன்னவர் முடிவெட்டுபவர். அவருக்கு அவருடைய சகலை சொன்னாராம்.

பட்டறைக்குப் போனபோது மந்திரம் எதையும் காணோம். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைப் பழுதுபார்த்தால் வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய நினைவை அழித்துவிட வேண்டும். அதன் பிறகு முதலில் ஓட்டுகிறவரின் காலைப் பார்த்துத்தான் அது கியர் மாற்றப் பழகும். பிள்ளை மாதிரிதான், வளர்ப்பு எப்படியோ, குணம் அப்படி.

மெக்கானிக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் அவசரம். தேநீர் ஆறப் பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்பவர். லிஃப்ட் வருவதற்குள் படியேறிப் போய் மூச்சு வாங்குபவர். கை வேலை சுத்தம், ஆக்ஸிலரேட்டரில் வைக்கும் கால்தான் சனியன். அதனால் நினைவழித்த வண்டிகளை ஓட்டிப் பழக்குவதெல்லாம் அவர் மனைவி. சாவியை வாங்குவார், கண்ணாடியைச் சரிசெய்வார், மடியில் குழந்தை தூங்குவதுபோல ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். பட்டறைக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது.

நான் போனதற்கு முந்தின நாள் ஒரு வாடிக்கையாளர் வண்டியை மெச்ச, அவசரம் மீசையைத் தடவிக்கொண்டு, எல்லாம் தன் கால்வாகு என்றிருக்கிறார். பின்னாலேயே நின்ற மனைவி கையைத் துடைத்தார், பையை எடுத்தார், அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா வீடு என்றால் அந்த முடிவெட்டுபவரின் வீடு. மந்திரக் கதையை அவிழ்த்துவிட்ட சகலை வேறு யாருமில்லை, இந்த அவசரமேதான்.

மறுநாள் என் வண்டியின் முறை. சாயங்காலம் மாமியாரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வர வேண்டும். வண்டி குலுங்கினால் அந்த அம்மாவின் கணக்கில் மருமகன் சரியில்லை.

அவசரம் தானே ஓட்டினார். வண்டி கன்றுக்குட்டியாய்த் துள்ளிக்கொண்டு திரும்பியது. நினைவை அழித்து மறுபடி ஓட்டினார். இந்த முறை முன்னால் வைத்திருந்த என் தண்ணீர் பாட்டில் பின்சீட்டுக்குக் குடிபோயிருந்தது.

"உங்க குணத்த அப்படியே உரிச்சு வச்சிருக்குண்ணே," என்றார் பக்கத்தில் ஒரு காருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த பட்டறைப் பெயிண்டர்.

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

மனைவிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. சகலைக்குப் போட்டார். கத்தரிச் சத்தத்தோடு அவர் குரல் வந்தது: "அவ ஒண்ணுதான் சொல்லச் சொன்னா, சகல. அந்த மந்திரத்தச் சொல்லி ஓட்டிப் பாப்பீங்களாம்."

அவசரம் கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், வண்டியப் பழக்குறது நான் இல்ல. அவதான்."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவங்ககிட்ட சொல்லுங்க."

"என் நம்பர்னா எடுக்க மாட்டா. உங்க போனக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். பெயிண்டர் தூரிகையை அந்தரத்தில் நிறுத்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவசரம், அவசரப்படாமல், காத்துக்கொண்டிருந்தார்.