தெமோதரையைச் சுற்றி வரும் வண்டி

துன்ஹிந்த அருவியைப் பற்றி என்னிடம் யாரும் பெருமை பேச வேண்டாம். பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். எழுபதுகளில் பதுளை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் பழைய ஓஸ்டின் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ரெஸ்ட் ஹவுசில் வெள்ளைக்காரர் வந்து இறங்கினால் என்னைக் கூப்பிட ஆள் வரும். காலையில் அருவி, பிறகு ஹாலிஎல பக்கம் போகொட மரப்பாலம், கடைசியாக தெமோதர ரயில் வளைவு. தினமும் அதே மூன்றுதான். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள், நான் காருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாயைப் பிளந்து கொட்டாவி விடுவேன். மேலேயிருந்து கீழே தண்ணீர் விழுகிறது. வேறு எப்படி விழும்?

என் அக்கா பசறை ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா போனபின் என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். எப்போதாவது தோட்டம் பார்க்க அந்தப் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, அவளுடைய லயத்து வீட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். உள்ளே வெள்ளைக்காரர் இருக்கும்போது காரை நிறுத்திச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அந்த வளைவில் கார் எப்படியும் ஊர்ந்துதான் ஏறும். நான் கீழ் ரோட்டில் அடிக்கும் ஹோர்ன் மலைக்கே கேட்கும். அக்கா ஓடி வந்து ரோட்டோரம் நிற்பாள். வாழையிலையில் சுற்றித் துணியில் முடிந்த ரொட்டிப் பொட்டலம் ஜன்னல் வழியாக என் மடியில் வந்து விழும். கூடவே, "தின்னுட்டு ஓட்டுடா, மூதேவி!" என்ற சத்தம். ஒரு தடவைகூடக் குறி தவறியதில்லை. ரொட்டிக்குள் கட்டச்சம்பல் வைத்திருப்பாள். வெங்காயமும் கொச்சிக்காயும் இடித்த அந்தச் சம்பலின் காரத்தில் அடுத்த வளைவு வரைக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கும்.

அப்புறம் தோட்டத்துச் சனங்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பும் காலம் வந்தது. குடியுரிமைக்கு அக்காவின் புருஷன், என் மச்சான், எழுதிப்போட்டது இந்தியாவுக்கு. நான் எழுதிப்போட்டது இலங்கைக்கு. இரண்டு பேருக்கும் கேட்டபடியே கிடைத்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களை இரண்டு நாட்டுக்காரர்களாக ஆக்கிவிட்டார்கள். அக்காவைக் கேட்டவர் யார்? புருஷன் போகிற இடத்துக்குப் பெண்சாதி போக வேண்டியதுதான் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

போவது முடிவானதும் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏண்டா, சீமையிலேருந்து வர்றவனையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போய் அருவியக் காட்டுற. எனக்கு ஒருநா காட்டக்கூடாதா? பொறந்து வளந்து இத்தினி வருசமாச்சி, சத்தத்தக்கூடக் கேட்டதில்ல."

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். முதலாளியும் காரைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஆள் வந்து சொன்னது வேறு: பயணத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள், நாளைக்குப் பிற்பகல் வண்டி. முதலாளியிடம் ஓடினேன்.

"தம்பி, நாளைக்கு அந்த ஜெர்மன்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேனே," என்றார் அவர். "ஓட்ட வேற ஆளும் இல்ல. வெள்ளனக் கெளம்பு. வண்டி போறதுக்குள்ள வந்துரலாம், இன்ஷா அல்லாஹ்."

கடைசி பஸ்ஸைப் பிடித்து அக்காவிடம் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, "அருவி எங்க போகப் போவுது? நீ ஸ்டேசனுக்கு வந்துரு, அது போதும்," என்றாள்.

"வந்துர்றேங்கா. பதுளையில தவறுனா தெமோதரையில நிப்பேன். அங்க வண்டி நிக்கும். என்னப் பாக்காமப் போயிறாத."

"நா என்னத்தடா போறது? வண்டில்ல போவும்," என்று சிரித்தாள்.

அந்த ஜெர்மன் புருஷனும் பெண்சாதியும் நல்ல ஜனங்கள்தான். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நேரம் என்பதே அவர்களுக்குக் கிடையாது. அருவிக்குப் போகும் காட்டுப் பாதையில் ஒவ்வொரு குரங்கையும் நின்று விசாரித்தார்கள். அருவிக்கு எதிரே பாறையில் உட்கார்ந்து, பையிலிருந்து தங்கள் ஊர்ப் படங்களை எடுத்தார்கள். ஓர் ஆற்றின் பெயரைச் சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை. படத்தில் ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து போகிறது. மலைமேல் இடிந்த கோட்டை. சரிவு முழுக்க வரிசை வரிசையாகச் செடி. தேயிலையா என்று கேட்டேன். திராட்சையாம். ஆற்றங்கரையோரம் நடப்பதற்கென்றே பாதை போட்டிருக்கிறார்களாம், சனங்கள் சும்மா நடந்துவிட்டு வருவார்களாம்.

"கொடுத்து வைத்தவர்கள்," என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அங்கே செடிக்கு நடுவில் நிரை பிடித்துப் பழம் பறிக்கிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டையைப் போய்ப் பார்ப்பார்களா என்று கேட்க நினைத்தேன். என் இங்கிலீசுக்கு அது எட்டவில்லை. அருவிச் சாரல் முகத்தில் அடித்தது. அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். காதை அடைக்கிற சத்தம். அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போகொட பாலத்தில் வந்தது பெரிய சோதனை. கூரை போட்ட பழைய மரப்பாலம் அது, இரும்பாணி இல்லாமல் கட்டியது என்பார்கள். அந்த ஜெர்மன் அம்மாவின் ஊரிலும் கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறதாம். அவ்வளவுதான், கொப்பியைத் திறந்து படம் வரைய உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தூணாக, ஒவ்வொரு ஓடாக! நான் காருக்கும் பாலத்துக்கும் நாயாக நடந்தேன். வெயில் சாய ஆரம்பித்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் அவர் புருஷன், அந்தத் துரையின் முன்னால் போய் நின்று, தெரிந்த இங்கிலீசில் கொட்டினேன். அக்கா, இந்தியா, ரயில், இன்றைக்கு, திரும்பி வரமாட்டாள்.

அந்த அம்மா பென்சிலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எழுந்து எனக்கு முன்னால் காருக்கு ஓடினார்.

ஹாலிஎலைக்கு வந்து சேரும்போதே ரயில் கூவும் சத்தம் பதுளைப் பக்கமிருந்து கேட்டது. இனிப் பதுளைக்குப் போய்ப் பிரயோசனம் இல்லை. காரைத் தெமோதரைக்குத் திருப்பினேன். ஐயோ சாமி, அந்த ஏற்றத்தில் அந்தக் கிழட்டுக் காரை நான் விரட்டிய விரட்டு! பின்னால் இருந்தவர்கள் இரண்டு பேரும் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

தெமோதர ஸ்டேசனுக்கு வண்டி இன்னும் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த இடத்தின் விசேஷத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டேசன் மேட்டில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே ஒரு சுரங்கம். பதுளையிலிருந்து வரும் வண்டி முதலில் ஸ்டேசனுக்கு அடியில் சுரங்கத்தில் நுழைந்து போகும். அப்புறம் மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, மேலே அதே ஸ்டேசனில் வந்து நிற்கும். இதைப் பார்க்கத்தான் உலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்களுக்கு அது பழகிய சங்கதி, யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதுவரை ரயிலே ஏறியிராத அக்காவுக்கும் யாரும் சொல்லவில்லை.

மேட்டின் ஓரத்தில் போய் நின்றோம். கீழே வண்டி வந்தது. ஒரு பெட்டி முழுக்கத் தோட்டத்துச் சனம், அழுகைச் சத்தம் மேலே வரை கேட்டது. ஜன்னலில் அக்காவின் மஞ்சள் சேலையைக் கண்டுகொண்டேன். இரண்டு கையையும் ஆட்டினேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். நான் மேலே, அவள் கீழே. வண்டி நிற்கவில்லை. அவள் முகம் அப்படியே மாறிப்போனதைக் கண்டேன். ஸ்டேசனைத் தாண்டிப் போகிறது, என்னைத் தாண்டிப் போகிறது, முடிந்துபோயிற்று என்று நினைத்துவிட்டாள்.

"தம்பீ!" என்று ஒரே கத்தல். மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக என்னை நோக்கி வீசினாள். அந்த உயரத்துக்கு எப்படி வரும்? மேட்டின் சரிவில் பட்டுப் புதருக்குள் விழுந்தது. வண்டி சுரங்கத்துக்குள் போய்விட்டது.

"சுத்தி வரும்கா! சுத்தி வரும்!" என்று நான் கத்தியது சுரங்கத்துக்குக் கேட்டிருக்கும்.

வண்டி சுற்றி வந்து ஸ்டேசனில் நின்றது. ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தேன். அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மச்சான் தோளைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தாள். பேயைக் கண்டவள்போல் விழித்தாள்.

"அடி ஆத்தி! நீ எப்படிடா இங்க வந்த?"

"நா வரலக்கா. நீதான் திரும்பி வந்திருக்க."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் வெறுங்கையைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி, ரொட்டிய எறிஞ்சிட்டேனேடா! விடிய எந்திரிச்சிச் சுட்டேன்."

"போகட்டும் விடுக்கா."

"எப்படிடா விடுறது? காலையிலேருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டியே. அந்த ஈச்சம் புதரு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துலதான் விழுந்திச்சி. இந்தப் பக்கம் எறங்காத, வழுக்கும். அந்தாண்ட சுத்திப் போ."

"நா எடுத்துக்கிறேங்கா."

"சம்பல் தனியா முடிஞ்சிருக்கேன், அதையும் பாரு."

எவ்வளவோ பேச வைத்திருந்தேன். அருவியைக் காட்ட முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அம்மாவைப் புதைத்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். கிடைத்த அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க ரொட்டியைப் பற்றியே பேசிவிட்டோம். வண்டி நகர்ந்தது. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவள் விட்டாள். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கத்தினாள்.

"ஈ மொய்க்கிறதுக்குள்ள போய் எடுடா!"

அதுதான் அவள் குரலை நான் கடைசியாகக் கேட்டது.

அவள் சொன்ன வழியே சுற்றி இறங்கினேன். துரையும் கூட இறங்கினார். பொட்டலம் ஈச்சம் புதருக்குப் பக்கத்தில், முடிச்சு அவிழாமல் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து துரைக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். காரத்தில் அவருக்கும் கண் கலங்கியது. அக்கா கடைசியாக என்னவோ கத்தினாளே, என்ன சொன்னாள் என்று கேட்டார்.

சாப்பிடச் சொன்னாள் என்றேன்.